விரிசல் விழுந்த இருபத்து நான்கு சட்டைகள்

அறிவிலும் பொறுமையிலும் அளவு நாடா பிடிப்பதிலும் நம் குடும்பத்திலேயே முதலிடத்தில் இருக்கும் என் அருமை மருமகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, என் முழங்கால் வலி ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே நீ, உன் அம்மா, உன் கம்பெனி, கம்பெனியின் ஏணிகள், தார் டின்கள் அனைத்தும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். உன் கோபமும் சௌக்கியமாக இருப்பதாக உன் அம்மா போனில் சொன்னாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். நீ வீட்டுக் கசிவும் விரிசலும் அடைக்கிற கம்பெனி ஆரம்பித்த அன்றைக்கே உன் அத்தையிடம் சொன்னேன், 'இந்தப் பொண்ணு ஒழுகுற மாடியை அடைச்சிடுவா, பிளந்த சுவரை அடைச்சிடுவா, ஆனா சட்டை விஷயத்துல மட்டும் இவளுக்கு ஒரு கண்டம் இருக்கு' என்று. அத்தையைக் கேட்டால் அப்படி எதுவும் சொன்ன ஞாபகம் இல்லை என்பாள். நான் சொன்ன எதுவுமே அவளுக்கு ஞாபகம் இருப்பதில்லை. நான் சொல்லாததெல்லாம் தேதியோடு ஞாபகம் இருக்கும்.

நீ என்னிடம் கேட்டது ஒரு வரி. 'மாமா, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. சாம்பிள் காட்டாமலே தைச்சுட்டாங்கன்னு ஒரு வரி போதும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி இன்ஜினியர்கிட்ட புகாரோட சேர்த்துக் கொடுக்கணும்' என்றாய். ஒரு வரியோடு நிறுத்த நான் என்ன தந்தி ஆபீஸா? அதுவும் இது சின்ன விஷயமா? அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டடத்து மாடியைத்தான் உனக்குக் கொடுத்திருக்கிறார்கள், மீதி மூன்று கட்டடம் உனக்கா வேறு ஆளுக்கா என்று வியாழக்கிழமைதான் முடிவு. நடந்த அசிங்கத்துக்கு நீ காரணம் இல்லை, எம்பிராய்டரிக் கடைதான் காரணம் என்று நீ காட்டியாக வேண்டும். அதே ஆஸ்பத்திரி டாக்டர்களின் கோட்டில் பேர் தைத்துக் கொடுப்பதும் அதே கடைதான். உன் புகார் போனால் அந்த அம்மாவுக்கு அந்த வேலை போய்விடும். போகட்டும். எனக்கென்ன? நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கேள்.

சட்டையில் கம்பெனி படம் தைப்பதைப் பற்றி நீ உன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்தவன் நான்தான், அதை மறைக்கவில்லை. 'எம்பிராய்டரியா? என்கிட்ட விடு. ஜவுளித் தொழில்ல முப்பது வருஷம் இருந்தவன் நான்' என்றேன். அது பொய் கிடையாது. துண்டு நெய்கிற ஆலையின் வாசலில் உட்கார்ந்து முப்பது வருஷம் லாரி நம்பர் எழுதினேன். அந்த லாரிகளில் போனது ஜவுளிதானே, புளி மூட்டையா? நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். உன் அம்மா உனக்குக் கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று. அதையும் நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். நீ 'சரி மாமா, நீங்களே போயிட்டு வாங்க' என்றாய். ஆலையை விட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் என்னை நம்பி ஒருத்தர் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. பால் வாங்குவதும் கரண்ட் பில் கட்டுவதும் வேலையில் சேராது.

நீ என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துச் சொன்னதெல்லாம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. வீடு ஒன்று, மேலே கூரை, கூரையில் விழுந்த துளி உள்ளே போக முடியாமல் வழுக்கி வெளியே போகிறது, இதுதான் படம். 'போட்டோ புள்ளிபுள்ளியா இருக்கும் மாமா, பெரிசு பண்ணினா உடைஞ்சு போகும். இந்த ஃபைல் கோடு கோடா இருக்கு, எவ்வளவு இழுத்தாலும் உடையாது' என்றாய். 'உங்க அத்தை மாதிரியா?' என்றேன். நீ சிரிக்கவில்லை. அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாய். ஒரு தாளில் பட்டியலும் எழுதினாய். அகலம் எட்டு சென்டிமீட்டர். நூல் மூன்றே நிறம், சுவருக்கு நீலம், கூரைக்குச் சாம்பல், துளிக்கு வெள்ளை. கம்பெனி பேர் தவிர வேறு எழுத்து வேண்டாம், எழுத்தின் உயரம் அரை சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. முதலில் சட்டையின் அதே மஞ்சள் துணியில் ஒரு சாம்பிள், அதைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மற்ற சட்டைகள். கடைசியில் படத்தை ஒரு தாளில் அச்செடுத்து, தலையில் 'பார்க்க மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாய். ஒரு ராக்கெட் விடுவதற்குக்கூட இவ்வளவு குறிப்பு தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், ராக்கெட்டாக இருந்தால் மாமாவிடம் கொடுத்திருக்க மாட்டாய்.

பென்டிரைவ் சின்னது, விரல் நகம் அளவு. தொலைந்துவிடக் கூடாது என்று பத்திரமான இடம் தேடினேன். என் மூக்குக்கண்ணாடிக் கூடுதான் இருப்பதிலேயே பத்திரம், அதற்குள் கண்ணாடியோடு வைத்துச் சட்டைப் பையில் போட்டேன். வாசல்படி இறங்கும்போது உன் அத்தை 'காலர் கிழிஞ்ச சட்டையோடயா கம்பெனி வேலைக்குப் போறீங்க?' என்றாள். நியாயம்தானே, உள்ளே போய்ச் சட்டையை மாற்றினேன், தாள்களை எடுத்தேன், கூட்டை எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் பார்த்தால் உன் அத்தைதான், ஆனால் அதை நீ புகாரில் சேர்க்க வேண்டாம், எனக்குச் சாப்பாடு நடக்க வேண்டும். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம், இரண்டாவது பஸ்ஸில் பையைத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். ஒரு மணி நேரம் போயிருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கு யாராவது கொடுத்தால் என் மீதி ஆயுசில் பாதியைத் தருவேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தோன்றியது என்னவென்றால், அச்செடுத்த தாள்தான் இருக்கிறதே, படம் என்றால் படம்தானே, அதில் என்ன கோடு, என்ன புள்ளி?

அந்தத் தாளை நான் நாலாக மடித்துப் பின்பையில் வைத்திருந்தேன். இரண்டு பஸ்ஸிலும் உட்கார்ந்துதான் போனேன். இறங்கியதும் ஒரு டீக்கடையில் நின்று, கசங்கிவிட்டதே என்று தாளை மேசையில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேலேயே டீ டம்ளரை வைத்தேன். படத்தின் மேல் எனக்கு இருந்த அக்கறை உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

கடை என்றால் சாதாரணக் கடை இல்லை. இருபது மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன, சந்தைக் கூட்டம் மாதிரி சத்தம். நான் உள்ளே நுழைந்ததும் 'ஜவுளியில முப்பது வருஷம் இருந்தவர் வந்திருக்கார்' என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், எல்லா மெஷினும் நின்றுவிட்டது. கடைக்கார அம்மா கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள், வயது ஐம்பது இருக்கும், தாளை வாங்கி உள்ளங்கையால் தேய்த்து நீவினாள். 'ஃபைல் இல்லையா ஐயா?' என்றாள். 'என்னையே ஃபைல்னு வச்சுக்கங்க அம்மா, என்ன வேணும்னாலும் கேளுங்க' என்றேன். தாளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டாள். அதற்குப் பஞ்சிங் என்று பேராம். ஊசி எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று படத்தின் மேல் ஒவ்வொரு தையலாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'ஊசிக்குச் சொந்த புத்தி கிடையாது ஐயா, நாம கோடு காட்டினா அது கண்ணை மூடிக்கிட்டு அந்தக் கோட்டுல போகும்' என்றாள். 'எங்க வீட்டு மாப்பிள்ளைங்க எல்லாரும் அப்படித்தான்' என்றேன். கடையே சிரித்தது. அவ்வளவுதான், படத்தைக் கொடுத்தேன், வந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன பண்ணினார்களோ எனக்குத் தெரியாது. <u>சாம்பிள் காட்டவில்லை.</u>

இந்த வரிதானே உனக்கு வேண்டும்? எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

சனிக்கிழமை சாயங்காலம் மூட்டையை வாங்கிவந்தேன். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு, இருபத்து நான்கு சட்டை. நீ போனில் கேட்டாய், 'எப்படி வந்திருக்கு மாமா?' என்று. 'முதல் தரம்' என்றேன். 'நான் வந்து பார்க்கட்டுமா?' என்றாய். 'நீ மாடி அளக்குற வேலையைப் பாரு, நான் திங்கக்கிழமை நேரா கொண்டு வந்துடறேன்' என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூட்டை எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. தூசி படக் கூடாது என்பதற்காக.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது உனக்கும் தெரியும், இருந்தாலும் புகாருக்காக எழுதுகிறேன். கம்பெனி அடையாளம் தைத்த சட்டை இல்லாமல் வெளி ஆட்களை உள்ளே விடுவதில்லை என்பது அங்கே சட்டம். ஏழரைக்கு உன் ஆட்கள் பன்னிரண்டு பேரும் வேனுக்குப் பின்னால் நின்று மூட்டையைப் பிரித்தார்கள். மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். 'பாப்பா, வீடு பிளந்திருக்கு' என்றார். நீல வீட்டின் நெற்றியிலிருந்து அடிவரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு நெளிந்து நெளிந்து இறங்கியிருந்தது. நாம் எங்கே பார்த்தாலும் அடைக்கிறோமே, அச்சு அசல் அதே விரிசல். சுவரின் மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு வளைவு, ஓதம் ஏறின மாதிரி. வீட்டுக்கு அடியில் நூல் சிக்கி, ஒரு எறும்பு வரிசை. விரிசல் அடைக்கிற கம்பெனிக்கு, இருபத்து நான்கு சட்டையிலும், விரிசல் விட்ட வீடு! ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊசிக்குச் சொந்த புத்தி கிடையாது என்று அந்த அம்மா சொன்னது சத்தியம்.

வேறு சட்டை கிடையாது, எட்டு மணிக்கு இன்ஜினியர் மாடிக்கு வந்துவிடுவார். அப்போது உனக்கு யோசனை சொன்னது நான் என்று உன் ஆட்கள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நான் 'கையை வச்சு மறைச்சுக்கலாமே' என்று பொதுவாகத்தான் சொன்னேன். எல்லாரும் ஒரே மாதிரி வலது கையை இடது நெஞ்சில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? போன இடம் கல்யாண மண்டபமாக இருந்தால் மரியாதை என்று நினைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பன்னிரண்டு ஆம்பளைகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் யார் சும்மா இருப்பார்கள்? ஒரு நர்ஸ் ஓடி வந்தது. பின்னாலேயே இரண்டு சக்கர நாற்காலி வந்தது. 'எல்லாருக்குமா? என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்டது அந்தப் பொண்ணு. நம் மேஸ்திரி 'ஒண்ணுமில்லைம்மா' என்று சொல்லச் சொல்ல அவரைப் பிடித்து உட்கார வைத்து, கையை நெஞ்சிலிருந்து எடுத்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டது. கை போனதும் வீடு தெரிந்தது. அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் படியிறங்கி வருகிறார். சட்டையை உற்றுப் பார்த்தார். அடுத்த ஆளைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். 'விரிசல், ஓதம், எறும்பு. முதல்ல இந்த வீட்டைச் சரி பண்ணிட்டு எங்க மாடிக்கு வாங்களேன்' என்றார். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டது. ஒரு கம்பவுண்டர் போனில் படம் பிடித்தார்.

நீ சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. 'ஏணியை எடுங்க, மாடிக்குப் போலாம்' என்று மட்டும் சொன்னாய். நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், அன்றைக்கே எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். சாயங்காலம் உன் ஆபீஸில், கையில் இருந்த தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாய். 'மாமா, சாம்பிள் காட்டினாங்களா?' நான் சொன்ன பதிலைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று மூன்று தோசையோடு எழுந்துவிட்டேன், உன் அத்தை தொட்டுப் பார்த்தாள் காய்ச்சலா என்று.

நேற்று இன்னொரு காரியமும் பண்ணினேன். நேராக அந்தக் கடைக்கே போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். 'எங்க வீட்டுப் பொண்ணு மானம் போச்சு, பதில் சொல்லுங்க' என்றேன். அந்த அம்மாவால் தலை நிமிர முடியவில்லை. போதுமா?

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மழைக்காலம் வருகிறது, நீ மாடி ஏறும்போது ஈரச் செருப்போடு ஏறாதே. உன் அம்மாவிடம் என் அன்பைச் சொல். மேஸ்திரிக்கு நாடி சரியாக இருக்கிறதா என்று கேட்டதாகச் சொல். நீ அடைக்கிற ஒவ்வொரு சுவரும் உன் பேரைச் சொல்லி நிற்க வேண்டும், உன் தலைக்கு மேல் ஒரு துளி ஒழுகக் கூடாது என்று மனசார வாழ்த்துகிறேன். இந்தக் கடிதத்தைப் புகாரோடு சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் நலத்தையே எப்போதும் எண்ணிக்கொண்டிருக்கும்
தாய்மாமன்
(கையெழுத்து இட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட நாலாக மடித்தேன். பிரித்துப் பார்த்தால் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. அதைப் பார்த்ததும் கை ஓடவில்லை. திரும்ப உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேனே, அந்த வரி நானாகச் சேர்த்தது. அவள் சாம்பிள் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் போன் பண்ணி, 'ஐயா, வந்து பார்த்துட்டுப் போங்க, பார்க்காம மெஷினை ஓட்ட மாட்டேன்' என்றாள். போனேன். இருபது மெஷின் எல்லாம் இல்லை பாப்பா, இரண்டுதான். அதில் ஒன்று இருமிக்கொண்டே ஓடுகிறது. நான் வந்ததற்காக எதுவும் நிற்கவில்லை. மஞ்சள் துணித் துண்டில் தைத்து வைத்திருந்தாள், ஜன்னலோரம் வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய் என் கையில் கொடுத்தாள். 'இந்தக் கோடு மடிப்புல மை உதிர்ந்த தடமா இருக்கும் போலிருக்கே ஐயா, சுவர் பிளந்த மாதிரி தெரியுது, எடுத்துடட்டுமா?' என்று கேட்டாள். 'இந்தப் பழுப்பு டீக் கறையா? இதுக்குன்னு நாலாவதா ஒரு நூல் போகுது' என்றாள். கடைசியில், 'எதுக்கும் அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே' என்றாள்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் முதல் நாளே அவளிடம், இந்தப் படம் வரைந்தது நான்தான், என் மருமகள் என்னிடம் கேட்டுத்தான் எல்லாம் செய்வாள், கம்பெனியே என் யோசனையில்தான் ஓடுகிறது என்று சொல்லிவைத்திருந்தேன். போன் போட்டால் நீ 'எந்தக் கோடு? பென்டிரைவ் எங்கே?' என்று கேட்பாய். அதனால் 'நான் போட்ட டிசைன் அம்மா, ஒவ்வொரு கோடும் யோசிச்சுப் போட்டது, ஒண்ணையும் எடுக்கக் கூடாது' என்றேன். மெல்லிசுக் கோட்டில் தையல் நிற்காது, அப்படியானால் கொஞ்சம் தடிப்பாக்க வேண்டும் என்றாள். தடிப்பாக்கச் சொன்னதும் நான்தான். துண்டின் பின்பக்கம் ஒட்டியிருந்த தாளில் 'பார்த்தேன், மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அன்றைக்கும் கண்ணாடி எடுத்துப்போகவில்லை, அதனால் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கண்ணாடி இல்லாமலேயே தெரிந்தது, பாப்பா. நன்றாகவே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைத்ததும் தூசிக்காக இல்லை.

நேற்று போன கதையையும் திருத்திவிடு. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதவைத் தள்ளும்போது அந்த அம்மா நம் சட்டை ஒன்றை மடியில் வைத்து, சின்ன பிளேடால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். உன் மேஸ்திரியைக் கேட்டு ஒன்றை வாங்கிவந்திருக்கிறாள். பிரித்த இடமெல்லாம் பொத்தல், அந்தச் சட்டை அவ்வளவுதான். 'பிரிச்சா துணி தாங்காது ஐயா, தனித் துணியில சரியான படத்தைத் தைச்சு, இதை மூடி மேல வச்சுத் தைச்சுடலாம்' என்றாள். நீ புகார் கொடுக்கப் போவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. 'நான் பார்த்துச் சரி சொன்னதை நீங்க ஏன் எங்க பொண்ணுகிட்ட சொல்லலை?' என்று கேட்டேன். 'வீட்டுப் பெரியவர், நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தலை நிமிர முடியாமல் நின்றது யார் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடலாம், வெள்ளிக்கிழமைதான் வந்து சேரும், வியாழக்கிழமை தானாகக் கழிந்துவிடும் என்றும் ஒரு எண்ணம் வந்தது. தபாலில் போடவில்லை. நானே நடந்து வந்து உன் ஆபீஸ் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். கூடவே நேற்று அவளிடம் கேட்டு வாங்கிய அந்த மஞ்சள் துண்டும் இருக்கிறது. பின்பக்கம் என் கையெழுத்து. இன்ஜினியரிடம் காட்ட வேண்டுமானால் இதைக் காட்டு, தப்பு எங்கள் வீட்டுப் பெரியவருடையது என்று சொல். கண்ணாடிக் கூட்டைத் திறந்து பென்டிரைவை எடுத்து நேற்றே அவளிடம் கொடுத்துவிட்டேன், உன் பட்டியல் தாளையும் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலைக்குள் மேலே வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவாளாம், ஆனால் 'இந்தத் தடவை சாம்பிளை அந்தப் பொண்ணேதான் வந்து பார்க்கணும்' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தயவு பண்ணி மற்ற சட்டைகளையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே போய்ப் பார். நான் வரவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. வீட்டுக்கு அடியில் இருப்பது நூல் சிக்கல் இல்லை. அது எழுத்து. 'மூணு மில்லிமீட்டர்ல எழுத்து அடைச்சுக்கும் ஐயா, யாராலும் படிக்க முடியாது' என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள், நான்தான் கேட்கவில்லை. 'தாய்மாமன் மேற்பார்வையில்' என்று போடச் சொல்லியிருந்தேன். புதுத் துணி மூடும்போது அதுவும் சேர்ந்து மறைந்துவிடும். அதுவரைக்கும் யாராவது கேட்டால், எறும்பு என்றே சொல்லிவிடு.